முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்

தூத்துக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பதினோரு வயதான காரில் சைலன்சரைக் கழற்றப் போக, போல்ட் தலை முறிந்து உடம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டதாம். "மொத்தமா மாத்திடலாம் சார்" என்கிறாராம் மெக்கானிக். எடுக்க வழியே இல்லையா என்று கேட்கிறார். இருக்கிறது.

இரும்பு துருவாக மாறினால் முன்பு அடைத்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். மரைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு ஊதி நிலையோடு இறுகிவிடும். கதவைத் தை வெயில் விடுவித்துவிடும். காய்ந்த துரு சுருங்கிக் கொடுக்காது. உப்புக்காற்று ஊரில், சூடேறி ஆறிக்கொண்டே இருக்கும் சைலன்சரில் கேட்கவே வேண்டாம்.

இந்த நிலையில் ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்குகிறோம். போல்ட் தலையில் 8.8 என்று இருக்கும். முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்த 8, அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதைச் சொல்கிறது. கழலாமல் ரப்பர்போல இழுபடும் உணர்வு கைக்கு வந்தால் அதுதான் அந்த எல்லை. அங்கேயே நிறுத்தி, துருவுக்குள் இறங்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

முறிந்த பிறகு பலரும் 'ஈஸி அவுட்'டைத் தேடுவார்கள். அது கடினமான எஃகு, வளையாமல் ஒடியும். உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் அதன் மேல் ஏறாது.

எனக்குப் பிடித்த வழி வேறு. முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் அடித்து இரண்டையும் ஒன்றாக்குவது. முதன்முதலில் பார்த்தபோது, நட் சிவந்து மங்கும்வரை அந்த மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரைப் போட்டு இப்படியும் அப்படியும் இம்மி இம்மியாக அசைத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம். செம்பொடி உதிர, துண்டு சுழன்று வெளியே வந்தது.

நட்டைப் பற்றவைத்ததில் பிடி கிடைத்தது பாதி வேலைதான், மீதியைச் சூடு செய்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறேன். வறட்டி நெருப்பில் காய்ந்த பட்டாவைச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றியதும், இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்வும். அங்கே இறுக்கிய சுருக்கம் இங்கே விடுவிக்கிறது. சூட்டில் போல்ட் பருக்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள இரும்பு இடம் தராததால், இளகிய உடம்பு நீளவாக்கில் பிதுங்குகிறது. ஆறும்போது முன்பைவிட மெலிந்து சுருங்க, துருவின் பிடியில் விரிசல் விழுகிறது.

அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் நல்ல பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்புவது எனக்கு வயிற்றெரிச்சல்தான். இந்தக் கைவேலை தெரிந்தவர் உங்கள் ஊரிலும் இருப்பார், தேடிப் போங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் போல்ட்டை முதலில் விரலாலேயே நாலு சுற்று ஏற்றவேண்டும். மரையில் கொஞ்சம் செம்புக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சிரமமில்லை. சக்கர நட்டுக்கு மட்டும் அந்தக் கிரீஸ் வேண்டாம்: மரை வழுக்கினால், அதே முறுக்குக்குப் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.