மரம் தின்னும் பூஞ்சைகள்

காட்டில் விழுந்து கிடக்கும் கட்டைகளில் சில வெளுத்து, நார் நாராகப் பிரியும். சில பழுப்பேறி, சிறு கட்டங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இரண்டும் பூஞ்சையின் வேலைதான். ஆனால் நொதிகள் வேறு.

மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். ஒழுங்கான அமைப்பே இல்லாத பொருள். பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்தி வெட்டும் வழக்கமான நொதிகளின் பாச்சா இதனிடம் பலிக்காது. வெண் அழுகல் பூஞ்சைகள் சுரக்கும் பெராக்சிடேஸ் நொதிகளோ, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு லிக்னினிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துவிடுகின்றன. பிறகு அதன் பிணைப்புகள் தாமாகவே அறுகின்றன.

ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண் அழுகல் பூஞ்சையின் மரபணுத்தொகுதி 2004-ல் வெளியானது. லிக்னின் பெராக்சிடேஸுக்கு மட்டும் அதில் 10 மரபணுக்கள்! மரபணு நகலெடுக்கப்படும்போது எப்போதாவது ஒன்று இரண்டாகிவிடும். ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது மெல்ல மாறிப் புது வேலைக்குப் போகும். நொதிக் குடும்பங்கள் பெருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

31 பூஞ்சைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வு, லிக்னினைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் குடும்பத்தின் தொடக்கத்தைச் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரிக் காலத்தின் முடிவை ஒட்டி வைத்தது. பூஞ்சைகள் மரத்தை மட்கச் செய்யக் கற்றதால்தான் நிலக்கரி சேர்வது குறைந்தது என்ற கதை அதோடு பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய தட்பவெப்பமும் கண்டத்தட்டுகளின் நகர்வுமே காரணம் என்று 2016-ல் வந்த மறுப்பு எனக்கு வலுவாகப் படுகிறது. நிலக்கரியான தாவரங்கள் பலவற்றில் லிக்னினே குறைவு.

எனக்குப் பெரிய வியப்பு, இந்தச் சொத்தைத் தொலைத்தவர்கள்தான். பழுப்பு அழுகல் பூஞ்சைகள் வெண் அழுகல் மூதாதையரிடமிருந்து வந்தவை. ஆனால் லிக்னினைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் மரபணுக்களை இழந்துவிட்டன. அதுவும் ஒரு முறையல்ல, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக. இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினைபுரியவைத்துச் செல்லுலோஸைத் தாக்கி, சர்க்கரையை எடுத்துக்கொண்டு, லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றன. அந்தப் பழுப்புப் பொடி அதுதான். உயிருள்ள வேர்களோடு கூட்டு வைத்த பூஞ்சைகளில் பலவும் மரம் சிதைக்கும் நொதிகளைக் கைவிட்டன. மரமே சர்க்கரை தரும்போது அவை எதற்கு?

நம்மூரில் வைக்கோல் படுக்கையில் வளர்க்கும் சிப்பிக் காளானும் வெண் அழுகல் பூஞ்சையே. அறுவடை முடிந்த படுக்கையைக் குப்பையில் கொட்டாதீர்கள். பாதி மட்கிய அந்த வைக்கோல் தோட்டத்துக்கு நல்ல உரம்.