பல வழிகளுக்கு ஒரு கருவி: பெருங்கணிப்பொறியும் லினக்ஸும்

வங்கிக் கணக்கு, காப்புறுதி முதலிய பெரும் பணிகளை இடையறாது நடத்தும் ‘மெயின்ஃப்ரேம்’ என்னும் பெருங்கணிப்பொறிகளைப் பற்றி நாம் கேள்வியுற்றிருக்கிறோம். இவற்றுள் ஐ.பி.எம். நிறுவனத்தார் செய்பவை, 1964-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்த சிஸ்டம்/360 பொறியின் வழியில் வந்தவை. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட மாற்றங்களால், லினக்ஸ் என்னும் இயக்குமுறை இவற்றிலும் இயங்கத் தொடங்கிற்று. அதன் பயனாக எழுந்த ஒரு சிக்கலையும், அது தீர்ந்துவரும் வகையையும் இங்கு ஆராய்வோம்.

நம் மேசைமீதுள்ள கணிப்பொறி, தன்னோடு இணைந்த வட்டையும் வலையிணைப்பையும் தானே கண்டு ஏற்றுக்கொள்கிறது. பெருங்கணிப்பொறியில் அவ்வாறு செய்தல் தகாது. அங்கே ஆயிரக்கணக்கான சாதனங்கள் கண்ணுக்குப் புலப்படலாம். ஒரே பொறிக்குள் பல இயக்குமுறைகள் தனித்தனியே குடியிருக்கும். ஒருவருக்குரிய வட்டில் மற்றொருவர் கைவைத்தால் விளைவு என்னாகும்? ஆகவே, “இன்ன எண்ணுள்ள சாதனத்தை ஏற்றுக்கொள்” என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இவ்வாறு சொல்லும் முறை ஒன்றாக இருக்கவில்லை. சூசே வெளியீட்டில், டாஸ்டி எனப்படும் வட்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட், கியூஎத் எனப்படும் வலையிணைப்புக்கு வேறொன்று, ஃபைபர் சானல் இணைப்புக்கு மேலும் இரண்டு இருந்தன. ரெட் ஹாட் வெளியீட்டிலோ, இதற்கெனத் தனிக் கோப்புகளில் சாதன எண்களை வரிவரியாக எழுதி வைத்தனர். ஓரிடத்தில் தேர்ச்சி பெற்றவர் மற்றோரிடத்தில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஒரு சாதனத்துக்கு இருவகை அமைப்புகள் உள. ஒன்று, இந்நேரம் நடப்பிலிருப்பது. மற்றொன்று, பொறியை நிறுத்தி மீண்டும் தொடக்கும்போது நடைமுறைக்கு வருவது. அவசரத்தில் ஒரு வட்டை இணைத்துவிட்டு, நிலையான அமைப்பில் பதியாமல் விட்டால் அன்றைக்கு ஒரு குறையும் தோன்றாது. சில மாதங்கள் கழித்துப் பொறியை மறுபடி தொடக்கும்போதுதான் அவ்வட்டு காணாமற்போகும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும், பணியோ நின்றுபோயிருக்கும்.

இக்குறையை நீக்க வந்ததே சி-எச்-இஸட்-டெவ் என்னும் கருவி. ஐ.பி.எம். உருவாக்கிய எஸ்390-டூல்ஸ் என்னும் தொகுப்பில் இது அடங்கும். வட்டாயினும் வலையிணைப்பாயினும் கட்டளை ஒன்றே. தனியாக ஒன்றும் குறிப்பிடாவிடில், நடப்பு அமைப்பையும் நிலையான அமைப்பையும் அது ஒருசேர மாற்றிவிடும். ஒன்றை மட்டும் மாற்ற விரும்பினால் அவ்வாறு குறிப்பிடலாம். இயக்குமுறை அமர்ந்துள்ள மூலவட்டையே மாற்றும்போது, தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புகளையும் புதுப்பிக்க முற்படும். இதன் துணைக்கருவியான எல்-எஸ்-இஸட்-டெவ், எந்தச் சாதனம் நடப்பில் உள்ளது, எது நிலையாகப் பதிந்துள்ளது என்பதைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்திக் காட்டும். மேற்சொன்ன மறதி அங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

2016-இல் வெளிவந்த உபுண்டு 16.04-இல் இக்கருவி இடம்பெற்றது. அவ்வெளியீட்டாருக்கு இப்பொறியில் பழஞ்சுமை இல்லை. சூசே, ரெட் ஹாட் ஆகியோரின் நிலை வேறு. பழைய ஸ்கிரிப்டுகளை நம்பி எத்தனையோ நிலையங்களில் இரவுப்பணிகள் எழுதப்பட்டிருந்தன. எனவே சூசேயில் பழைய பெயரை வைத்துக்கொண்டு, உள்ளே புதிய கருவியையே அழைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வாயில் பழையது, வீடு புதியது என்னலாம்.

மாற்ற விழைவோர் கருத வேண்டியவை சில. முதலில் இப்போதைய அமைப்பைக் கோப்பாக எடுத்து வைத்தல் நலம். அதற்கும் இக்கருவியிலேயே வழியுண்டு. அடுத்து, பழைய ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்ணையோ சொற்றொடரையோ நம்பியிருக்கும் வேறு நிரல்கள் உளவா என்று தேட வேண்டும். இறுதியாக, ஓய்வு நேரத்தில் பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடக்கிப் பார்த்தல் இன்றியமையாதது. நிலையான அமைப்பு மெய்யாகவே நிலைத்ததா என்பதை அறிய அதைவிட நம்பத்தகுந்த சோதனை வேறில்லை.