பேறுகாலமும் இதயத் துடிப்பும்

நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று கர்ப்பவதிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. குழந்தைக்காகத் தாயின் உடலில் இரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. அதைச் சுற்றி அனுப்ப, இதயம் நிமிடத்திற்கு 10 முதல் 20 தடவை அதிகமாகத் துடிக்கிறது. நடுவே ஒரு துடிப்புத் தவறி, அடுத்தது ஓங்கி அடிப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. இரத்தச் சோகை இருந்தால் படபடப்பு இன்னும் கூடும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை அலமாரியில் உறங்கினால் பயனில்லை அல்லவா? ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மல்லாந்து படுக்கவிடாத மூச்சுத்திணறல் இவை சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துடிப்பையாவது நாம் உணர்கிறோம். இரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். 20 வாரத்திற்குப் பிறகு அது 140க்கு 90 என்ற அளவைத் தொட்டு, சிறுநீரில் புரதமும் கண்டால், அதைப் பிரீஎக்லாம்சியா என்பார்கள். நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் சரிவர அமையாததே இதன் தொடக்கம். முற்றினால் வலிப்பு வரும். தோட்டத்து லயங்களில் "பிள்ளை பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது" என்று அழுதார்களே, அவற்றில் சில இந்த வலிப்பாகவே இருந்திருக்கும்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரையில்தான் அழுத்தம் உச்சத்திற்கு ஏறக்கூடும். ஆறு வாரம் வரை கவனம் தேவை. சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கத்துப் பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகி, நம்மவர் ஈப்போவின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தாலும், பத்தியமும் தாய்வீடும் கூடவே வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவற்றைக் காற்றுப் பட்டது, குளிர் பட்டது என்று தைலம் தேய்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனையில் அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. பிரசவத்திற்குப் பின் மிஸி வீடு தேடி வந்து பார்ப்பார். நீங்கள் தாய்வீட்டில் இருந்தால் அவர் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போக நேரிடும். அந்த முகவரியை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

இந்நோய் கண்ட தாய்க்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொன்னால், தேவையானவர்களுக்கு மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பார். ஆண்டுக்கொரு முறை அழுத்தம் பாருங்கள். அந்தப் பேறுகாலப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். 50 வயதில் நெஞ்சுவலி என்று போகும்போதும் மருத்துவருக்கு அது உதவும்.