பீரோவின் மேல் இருந்த ஹெல்மெட்

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், கோவில் முற்றத்தில் புது வண்டி ஒன்று மந்திரிப்பதற்காகக் காத்து நிற்பது கடம்பத்தூர்ப் பக்கத்தில் இப்போது சாதாரணக் காட்சி. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகளில் வேலை கிடைத்த பிள்ளைகள் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் போட்டு வண்டி எடுத்துவிடுகிறார்கள். வண்டிக்கு மாலை, கைப்பிடியில் ஜெபமாலை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். (எலுமிச்சம்பழத்தை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.) தீர்த்தம் தெளித்துச் செபித்தால் குடும்பத்துக்கே ஒரு நிம்மதி.

அப்படி நான் மந்திரித்த ஒரு வண்டியில்தான், ஏழு மாதம் கழித்து, இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் திரும்பியவர், வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது சாலையில் சிதறிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி விழுந்தார். உடம்பில் வேறு பெரிய காயம் இல்லை. தலையில் மட்டும்தான் அடி. அடக்கத் திருப்பலிக்கு முன் செபிக்க வீட்டுக்குப் போனபோது பீரோவின் மேல் அவருடைய ஹெல்மெட்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. "கம்பெனிக்குள்ள தொப்பி இல்லாம ஒரு அடி வைக்க விடமாட்டாங்களாம் சாமி. எட்டு மணி நேரமும் போட்டுக்கிட்டுதான் வேலை செஞ்சான்" என்று அவருடைய தந்தை சொன்னார்.

வண்டி மந்திரித்த அன்றும் அந்த ஹெல்மெட் அதே உறையோடு வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்புக்குரியவர்களே, ஹெல்மெட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காவலர்தான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது. தமிழக அரசு 2007-இல் அதைக் கட்டாயமாக்கியது. கொஞ்ச காலத்தில் எல்லாம் தளர்ந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் மறுபடியும் கட்டாயமானது. அந்த வாரம் கடைகளில் ஹெல்மெட் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போயிற்று. 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அப்போதும் நாம் கற்றுக்கொண்டது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்பதைத்தான். அதுவரை பெட்ரோல் டாங்கின் மேல் இருக்கும் ஹெல்மெட், திருப்பத்துக்கு நூறடி முன்னால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும்.

அந்த 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது.

படித்த இளைஞர்கள் சிலர் என்னிடம் வாதிடுவார்கள்: "என் தலை, என் உயிர். இதில் அரசுக்கு என்ன வேலை ஃபாதர்? முதலில் ரோட்டைச் சரிசெய்யட்டும்." இரண்டாவது பாதி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் பாதியைத் திருச்சபை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 30-ஆவது எண்ணைக் குருமடத்தில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உலகெங்குமிருந்து கூடிய ஆயர்கள் அங்கே வாகன வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்! சுகாதார விதிகளையும் வேக வரம்பையும் அலட்சியம் செய்கிறவர்கள் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்கள் என்று கண்டிக்கிறார்கள். அதே பத்தியில்தான் வரி ஏய்ப்பும் வருகிறது. ஆக, ஆயர்கள் பார்வையில் இது காவலருக்கும் எனக்கும் இடையேயான கண்ணாமூச்சி அல்ல, அறநெறி. ஐந்தாம் கட்டளையின் கீழ் வருகிற காரியம். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில், "ஹெல்மெட் போடாமல் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து ஓட்டினேன்" என்று யாராவது மனம் வருந்திச் சொல்வோமா? ஞாயிறு பூசையைத் தவறவிட்டதை மட்டும் மறக்காமல் சொல்வோம்.

இதைவிடப் பழைய விதி ஒன்று விவிலியத்தில் இருக்கிறது. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் ஒருவர் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்டம் (22:8). மாடியில் காற்று வாங்குவதும் தானியம் காயவைப்பதும் வழக்கமாயிருந்த நாட்டில் கடவுளே கொடுத்த கட்டட விதி இது. பழி யார்மேல் வருகிறது என்று பாருங்கள். கவனமில்லாமல் நடந்தவர்மேல் அல்ல, கட்டியவர்மேல். சாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும். ஜல்லியைக் கொட்டிவிட்டு வாராமல் போன லாரிக்காரருக்கும், இரவு ஷிஃப்ட்டுக்குப் பேருந்து விடாத கம்பெனிக்கும் பொருந்தும். மதுச் சில்லறை விற்பனையை 2003 முதல் தன் நிறுவனத்தின் மூலமே நடத்திக்கொண்டு, குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கிற அரசுக்கும் பொருந்தும். இதை நான் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் அவர்கள் சுவர் கட்டவில்லை என்பதற்காக நானும் கட்டமாட்டேன் என்றால், விழுவது என் வீட்டுப் பிள்ளை.

"அந்தோனியார் பாத்துக்குவார் ஃபாதர்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது அலகை. ஆண்டவர் குதிக்கவில்லை.

ஹெல்மெட்டில் மாயம் ஒன்றும் இல்லை. வெளி ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல் போன்ற ஒரு நுரைப்படிவம் இருக்கிறது. அடிபடும்போது அது நசுங்கி, தலைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்டதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. தாடைப்பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன் அது பறந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் முதல் சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் தொப்பி காவலரை ஏமாற்றலாம், தார்ச்சாலையை ஏமாற்றாது. நல்ல ஹெல்மெட் அணிந்தவருக்கு மரண ஆபத்து ஏறத்தாழ 40 விழுக்காடும், தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைகிறது என்பது ஆய்வுகளின் முடிவு.

அந்த அடக்கத்துக்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வண்டியோடு ஹெல்மெட்டும் வர வேண்டும். இருவர் போகும் வண்டியென்றால் இரண்டு. உறையைப் பிரித்து, தலையில் மாட்டி, பட்டையைப் பூட்டிய பிறகுதான் தீர்த்தம். பங்குப் பேரவையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "சாமியார் ஆர்.டி.ஓ. ஆகிவிட்டார்" என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது.

போன மாதம் புதிதாய் மணமான ஒருவர் மனைவியோடு வந்தார். ஒரே ஒரு ஹெல்மெட். "தங்கச்சிக்கு எங்கே தம்பி?" என்று கேட்டேன். "பின்னாடிதான ஃபாதர் உக்காருது" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. மந்திரிக்காமல் அனுப்ப மனம் வரவில்லை, மந்திரித்தேன். அடுத்த ஞாயிறு இரண்டாவதையும் வாங்கி வந்து காட்டுவதாகச் சொல்லிப் போனார்.

நான்கு ஞாயிறுகள் ஆகிவிட்டன. இன்னும் வரவில்லை. இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.