'400 வருஷ பேட்டரி' என்ன ஆச்சு? தங்க நானோ கம்பி செய்யும் முலாம் டெக்னிக்!

'400 வருஷம் உழைக்கும் பேட்டரி கண்டுபிடிப்பு!' 2016-ல் இணையத்தில் சுற்றிய இந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருக்கலாம். ஆனால், நம்ம ஃபோன் பேட்டரி இன்னும் ரெண்டு, மூணு வருஷத்துலயே திணற ஆரம்பிச்சிடுது. அப்போ அந்தச் செய்தி பொய்யா? பாதி உண்மை. அது புரியணும்னா, தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய தங்கக் கம்பியை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்க்கணும்.

கவரிங் நகையும் நானோ கம்பியும்

கவரிங் நகைக்கு முலாம் பூசும்போது, தங்க உப்பு கரைந்த திரவத்தில் நகையை முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். தங்க அயனிகள் நகையிடம் இருந்து எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படியும். நானோ கம்பிக்கும் இதே வேதியியல்தான். ஆனால், இங்கே தங்கம் எல்லா இடத்திலும் படியக் கூடாது. ஒரு குட்டிச் சந்துக்குள் மட்டும் படியணும். அந்தச் சந்தை உருவாக்குவதில்தான் வித்தையே இருக்கு.

பழகிய வழி, அலுமினியம். அதை அமிலத்தில் வைத்து, நேர்முனையாக இணைத்து மின்சாரம் கொடுத்தால், நானோ துளைகள் கொண்ட ஆக்சைடு படலம் வளரும். (உங்க வீட்டு ஹார்டு அனோடைஸ்டு கடாய் மேல இருக்கிறதும் இதுக்குச் சொந்தக்காரப் படலம்தான்!) ஜப்பானின் மசுதா, ஃபுகுதா இருவரும் 1995-ல் இந்தத் துளைகளைத் தேன்கூடு போல ஒழுங்காக வரவைத்தார்கள். துளைகளில் தங்கத்தைப் படியவிட்டு, படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் கம்பிகள் மட்டும் மிஞ்சும். எவ்வளவு நேரம் படியவிடுகிறோமோ, அவ்வளவு நீளம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ரெஜினால்ட் பென்னர் குழு 2006-ல் வேறு ரூட் பிடித்தது. கண்ணாடி மேல் நிக்கல் படலம், அதன் மேல் ஒளி பட்டால் மாறும் பாலிமர் பூச்சு. வேண்டிய இடத்தில் பாலிமரை நீக்கி, அங்கே தெரியும் நிக்கலை அமிலத்தால் அரிக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக அரிக்கவிட்டால், மிச்சமிருக்கும் பாலிமரின் ஓரத்துக்கு அடியில், சன்ஷேடுக்குக் கீழே மாதிரி ஒரு இடுக்கு கிடைக்கும். நிக்கல் விளிம்பில் இருந்து தங்கம் அந்த இடுக்குக்குள் வளரும். பிறகு பாலிமரையும் நிக்கலையும் நீக்கினால், மில்லிமீட்டர் கணக்கில் நீளமான கம்பி கண்ணாடி மேல் அப்படியே நிற்கும்.

ஜெல் செய்த வேலை

இந்தத் தங்கக் கம்பிக்கு மேல் மாங்கனீசு டை ஆக்சைடு பூசினால் சார்ஜ் சேமிக்கலாம். பிரச்னை, சில ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் பூச்சு விரிசல்விட்டு உதிரும். பென்னர் குழுவின் ஆராய்ச்சி மாணவி மியா லே தாய், திரவத்துக்குப் பதில் அக்ரிலிக் ஜெல்லைத் தடவிப் பார்த்தார். பெரிய திட்டமெல்லாம் இல்லை, சும்மா ஒரு முயற்சி. மூன்று மாதத்தில் 2 லட்சம் சுற்றுகள் தாண்டியும் கம்பி உடையவில்லை! ஜெல் அந்த ஆக்சைடை வளைந்துகொடுக்க வைக்கிறது என்பது குழுவின் கணிப்பு.

தினம் ஒரு சார்ஜ்னு வகுத்தா, 2 லட்சம் சுற்று 500 வருஷத்தைத் தாண்டும். தலைப்பு வைக்கக் கை பரபரக்காதா என்ன? (நாங்களும் அதே தொழில்தானே!)

ஆனால், அங்கே சோதித்தது ஃபோன் பேட்டரியை அல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எலெக்ட்ரோடு கொண்ட கெபாசிட்டரை, 1.2 வோல்ட் வரம்புக்குள். ஃபோன் பேட்டரியில் ரெண்டு எலெக்ட்ரோடும் வேற வேற, வோல்டேஜ் 3.7-க்குப் பக்கம். கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய கம்பிகளில் ஒட்டியிருக்கும் ஆக்சைடு, ஒரு ஃபோனை ஓட்டும் அளவுக்குக் கிட்டத்திலும் வராது. தங்கம் விற்கிற விலை வேற!

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் 'கெபாசிட்டர்' என்றே எழுதியிருந்தார்கள். செய்தியாக வரும் வழியில்தான் அது பேட்டரி ஆனது.