சூப்பர்சார்ஜர் காருக்குச் சூடான காற்று ஏன் ஆகாது?
பைப்பில் பட்டை சுற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

காலையில் சிட்டாகப் பறக்கிற கார், மதிய வெயிலில் அவிநாசி சாலை சிக்னல்களில் நின்று நின்று கிளம்பினால் இழுவை குறைந்துவிடுகிறது. கோவையில் பழைய மெர்சிடஸ் கம்ப்ரஸர் வகைக் கார்களை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பெட்ரோலையும் பிளக்கையும் சந்தேகிப்பதற்கு முன், இன்ஜின் இழுக்கிற காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

கம்ப்ரஸர் என்று மெர்சிடஸ் பெயரிட்டது சூப்பர்சார்ஜரைத்தான். இன்ஜினின் பெல்ட்டோடு சேர்ந்து சுழன்று, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி அது. டர்போவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் டர்போவைச் சுழற்றுவது புகைக்காற்று. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினே. அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் பலன் கிடைக்கும்.

எடை எங்கே குறைகிறது?

கார்களில் அதிகம் காணப்படும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கனஅளவு காற்றை அள்ளித் தள்ளும். பெட்ரோல் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனோ காற்றின் எடையைப் பொறுத்தது. தளர்வாகத் திணித்த பஞ்சு மூட்டையும் எண்ணிக்கையில் ஒரு மூட்டைதான். தராசில் வைத்தால்தான் குறை தெரியும். சூடான காற்றும் அப்படித்தான்.

வெளியே 35 டிகிரி செல்சியஸ், பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் காற்றை இழுத்தால், அதே கனஅளவில் எடை ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏற்கெனவே 5 சதவீதம் அளவுக்குக் குறைவு. ஊரின் உயரம் எடுத்துக்கொள்வதைவிட அதிகமாக பானெட்டின் சூடு எடுத்துக்கொள்கிறது.

இழப்பு அங்கேயே முடிவதில்லை. காற்றை அமுக்கினால் சூடேறும். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ, அதற்கேற்ப ஏற்றமும் கூடும். காற்றழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கும், 60 சதவீதத் திறனுள்ள ஒரு சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 35 டிகிரியில் நுழையும் காற்று சுமார் 98 டிகிரியில் வெளியே வரும். 65 டிகிரியில் நுழைந்தால் 134 டிகிரி. வாசலில் 30 டிகிரியாக இருந்த வித்தியாசம் வெளியே வரும்போது 36 ஆகிவிடுகிறது. அதில் ஒரு பகுதியை, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குறைக்கும். முழுவதையும் குறைக்க முடியாது.

சிலிண்டருக்குள் சூடான கலவை போனால், ஸ்பார்க் கிளப்பிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிக்கலாம். இதுதான் நாக்கிங். இன்றைய கார்களில் நாக் சென்சார் இதை உணர்ந்ததும், இன்ஜினின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதமாக்கும். இன்ஜின் தப்பிக்கும், இழுவை போய்விடும். ஓட்டுநருக்குத் தெரிவது கடைசியில் நடக்கும் இந்த விளைவு மட்டுமே.

செட்டிபாளையம் சொல்லும் பாடம்

கோவைக்கு இது ஏட்டுப் பாடமாக மட்டும் இருந்ததில்லை. செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே, 1995-இல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரரும் ரேஸ் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரைத் தாங்கியது. வோக்ஸ்வேகனின் போலோ ஆர் கப் கார்கள் இங்கே ஓடியிருக்கின்றன. 180 குதிரைத்திறன் கொண்ட அவற்றின் 1.4 லிட்டர் இன்ஜினில் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டுமே உண்டு. குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜர் அமுக்கிய காற்றை டர்போ மறுபடியும் அமுக்கும். நிமிடத்துக்கு 3,500 சுற்றுகளைத் தாண்டினால் டர்போ தனியாகப் பார்த்துக்கொள்ளும். இரண்டு முறை அமுக்கும் இடத்தில், முதல் வாசலில் நுழையும் சூடு இரண்டு முறை பெருகும்.

இதே டிராக்கில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியில் பொறியியல் மாணவர்களும் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். அவர்களுடைய பெட்ரோல் காரின் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்தாலும் கழுத்து அதற்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கழுத்தில் பாயக்கூடிய அதிகபட்சக் காற்றின் எடையும் சூடு ஏற ஏறக் குறையும்.

சூடு வரும் வழிகள்

முதல் வழி கதிர்வீச்சு. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 700 டிகிரிக்குச் சூடானால், 350 டிகிரியில் வீசியதைப்போல ஏறத்தாழ 6 மடங்கு வெப்பக் கதிரை வீசும். இதற்குத் தடுப்பு மெல்லிய அலுமினியத் தகடே. ஆனால் தகட்டுக்கும் இன்ஜினுக்குக் காற்று போகும் பைப்புக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒட்டவைத்தால் தகடே சூட்டைக் கடத்தும்.

இரண்டாவது, தொட்டுக் கடத்தும் சூடு. தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் பைப்பைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலுமினியப் பைப் போடுவது பார்க்க அழகு. அலுமினியம் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதுதான் அதன் விலை.

மூன்றாவது வழியே முக்கியமானது: பானெட்டுக்குள் சுற்றும் சூடான காற்றையே ஃபில்டர் இழுப்பது. சூப்பர்சார்ஜரைக் கணக்கில் சேர்க்காமலே, 1.4 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 70 லிட்டர் காற்றை இழுக்கும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரை மீட்டர் பைப்பை அந்தக் காற்று கடக்க ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் பைப் சுவர் ஏற்றும் சூடு கொஞ்சம்தான். பைப்பின் மேல் வெப்பத் தடுப்புப் பட்டை சுற்றினால் பலன் தெரிவது டிராஃபிக்கில் ஊரும்போது. வேகத்தில் தீர்மானிப்பது, காற்று எந்த வாசலில் நுழைகிறது என்பதே.

பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கோன் ஃபில்டர் பல கார்களில் இழுவையைக் குறைப்பது இதனால்தான். சத்தம் கம்பீரமாக இருக்கும்; காற்று கொதிக்கும்.

என்ன செய்யலாம்?

கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுவது முதல் வேலை. கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலோ வெளிக்காற்றை இழுக்கும் அதன் மூக்குக்குழாய் விலகியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கோன் ஃபில்டர்தான் வேண்டும் என்றால், அலுமினியத் தகட்டில் நான்கு பக்கமும் அடைத்து, பானெட்டோடு சேரும் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, வெளிக்காற்றுக்குத் தனி வழி விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிற்கும் தகடு கதிர்வீச்சைத் தடுக்கும். சூடான காற்று சுற்றி வந்துவிடும்.

மேனிஃபோல்டின் மேல் துணிப்பட்டை சுற்றும்போது கவனம் வேண்டும். சூடு உள்ளேயே தங்கி உலோகம் விரிசல் விடலாம். ஆயில் கசிந்து பட்டையில் ஊறினால் தீப்பிடிக்கலாம். சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

செலவழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். வயர் முனையில் சென்சார் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஃபில்டர் வாசலில் பொருத்தி, சிக்னல் நெரிசலில் ஒரு முறையும் எல் அண்ட் டி பைபாஸ் போன்ற நீண்ட சாலையில் ஒரு முறையும் ஓட்டி, வெளி வெப்பநிலையோடு ஒப்பிட்டாலே போதும். பைபாஸிலும் வித்தியாசம் 20, 30 டிகிரி இருந்தால் வாசல் தவறான இடத்தில் இருக்கிறது. தடுப்பு வேலை பலன் தரும். சில டிகிரிதான் என்றால் வாசலில் குறையில்லை. பட்டைக்கு வைத்திருந்த பணத்தில் இன்டர்கூலரைச் சுத்தம் செய்து, அதன் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.