சர்க்கார் பாக்கியும் சரக்குக் கொடுத்தவர் உரிமையும்

கஜானாவில் பணமிருந்தும், சரக்குக் கொடுத்தவருக்குப் பட்டுவாடா நின்றுபோவதுண்டு. செலவிடச் சட்ட அனுமதி இல்லாமையே அதற்குக் காரணம்.

ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயிருந்த விக்டோரியாவில் 1865-இல் இவ்வாறு நேர்ந்தது. சட்டசபை சுங்கவரி மசோதாவைச் செலவு மசோதாவுடன் இணைத்தனுப்ப, மேல்சபை அதனை ஏற்க மறுத்தது. ஆண்டு மானியத்தையே நம்பியிருந்த மெல்போர்ன் தாவரத் தோட்டம் போன்ற பொது ஸ்தாபனங்கள் இக்கட்டில் சிக்கின. அரசாங்கம் பாங்கியில் கடன் வாங்கிச் சமாளித்தது. வரித் தகராறு 1866-இல்தான் தீர்ந்தது. இத்தகைய தகராறில் விதையும் தொட்டியும் கடனாகக் கொடுத்த சிறு வியாபாரியே அதிகம் வாடுவான்.

நமது அரசியல் சட்டத்தின் 198-ஆம் ஷரத்துப்படி மாநில மேல்சபை பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்க இயலாது. தமிழ்நாட்டில் 1986 முதல் மேல்சபையே இல்லை. பட்ஜெட் முற்றும் நிறைவேறுமுன் செலவுக்கு இடைக்கால மானியம் பெற 206-ஆம் ஷரத்து இடந்தருகிறது. ஆகவே சபைத் தகராறு தாமதத்திற்குச் சாக்காகாது.

மேலும், 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறுதொழிலருக்குச் சரக்கை ஏற்ற 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்க் ரேட்டைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். சிறுதொழிலர் பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் இப்பாதுகாப்பில் அடங்கும். வயற்பயிர்த்தொழில் பொதுவாக அப்பதிவில் சேராது. பயிரிடுவோர் பணந்தரும் தவணையை முன்னதாகவே எழுத்தில் பெறுதல் நலம்.

தாம்பரம், பல்லாவரம் பக்கத்து அங்கத்தினர் பூங்காவுக்கு நாற்றோ, விடுதிக்குத் துணியோ கொடுக்கும்போது, எழுத்து மூலமான ஆர்டர், தேதியிட்ட சரக்கு ரசீது, பில் நகல் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துவாராக. தேதியில்லாத ரசீதால் 45 நாள் எப்போது தொடங்கிற்று என்பதை நிரூபிப்பது அரிது.